இறகு இல்லை என்று சொன்ன வாய்

டைனோசருக்கு இறகு இருந்தது என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் அல்ல, இரண்டு காலில் ஓடி, கறி தின்ற கூட்டத்தில் பலவற்றுக்கு இருந்தது. கல்லில் இறகின் தடம் பதிந்த படங்களை நான் பணியில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டே, கொல்லிமலை மேல் செம்மேட்டில் ஒரு சலூனில் உட்கார்ந்து, இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அதனால் ஒரு மனிதர் ஐந்து மாதம் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். நானும் நடுவில் ஓரிடத்தில் சிரித்தேன். அதுவும் என் குற்றக் கணக்கில்தான் வருகிறது.

நான் அடிவாரத்து ஊர் ஒன்றில் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். ஓய்வு பெற்றதும் கீழே வெயில் தாங்காமல் மனைவியும் நானும் கொல்லிமலைக்கு ஏறி வந்துவிட்டோம். எனக்குக் கை நடுக்கம் உண்டு. சவரக்கத்தியை நானே பிடித்தால் கன்னம் தப்பாது. அதனால் வாரத்துக்கு ஒரு முறை சலூனுக்குப் போவேன். அங்கே பெஞ்சில் செய்தித்தாள் கிடையாது. காமிக்ஸ் புத்தகங்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். கடைக்காரர் ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். காமிக்ஸ் வெறியர். விவாதம் சூடானால் கத்திரியைக் கீழே வைத்துவிடுவார். ஒரு நாள், முகமூடி போட்ட வீரன் ரசம்சோறு எப்படிச் சாப்பிடுவான் என்ற விவாதம் முற்றி, மின்சாரமும் போய், ஒரு காதுக்கு மேல் மட்டும் முடி வெட்டிய நிலையில் நான் வீடு திரும்பினேன்.

எதிர்க்கட்சி பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கார அம்மா. அவருக்குக் கார்ட்டூன்தான் உயிர். மெஷின் சூடாகும் நேரத்தில் போனில் பார்ப்பார். கார்ட்டூன் மிருகங்களுக்குக் கையில் ஏன் நாலே விரல் என்று யாராவது கேலி செய்தால் கடையைப் பூட்டிவிட்டுச் சண்டைக்கு வருவார்.

மூன்றாமவர், மலையிலேயே அரியூர் நாடு என்ற பகுதியிலிருந்து வரும் விவசாயி. மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சந்தை நாளில் சரக்கை இறக்கிவிட்டு நேரே சலூனுக்கு வந்து, ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கட்சிக்கும் நடுவில் உட்காருவார். குறைவாகத்தான் பேசுவார். ஆனால் பேசினால் எதிராளிக்கு வலிக்கும்.

எனக்கு வலித்தது. ஒரு வாரம் காட்டுக்கோழியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அது தரையில்தான் தூங்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "மரத்துக் கெளையிலதானுங்க அடையும். நான் தெனமும் பாக்கறனுங்களே." பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "ஐயா கோழிய புஸ்தகத்துலயே மேய்ச்சுட்டாருங்க" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருப்பவன் எழுந்தும் போக முடியாது. கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சந்தை நாளில் டைனோசர் வந்தது. புதிதாக வந்த ஒரு காமிக்ஸின் அட்டையில் பச்சை நிறத்தில் வழவழவென்று ஒன்று வாயைத் திறந்து நின்றது. விவசாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எறகக் காணமுங்களே" என்றார்.

"எறகு வெச்சா அது டைனோசரு இல்லீங்க, பெரிய சைசு கோழி" என்றார் கடைக்காரர். "கோழியப் பாத்து எவன் பயப்படுவான்?"

"எங்கூட்டுச் சேவல வந்து பாருங்க. போஸ்ட்மேன் ஆறு மாசமா கடுதாசிய வேலிக்கு வெளியவே போட்டுட்டுப் போறாரு."

ஜெராக்ஸ் அம்மா வாசலில் நின்று கேட்டார்: "ஏனுங்கண்ணா, எல்லாக் கார்ட்டூன்லயும் மொழுமொழுன்னுதான வருது? இத்தன பேரும் தப்பாவா போடுவாங்க?"

"அவிங்க நேர்ல பாத்துட்டா போட்டாங்க, அம்மிணி?"

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க. ஆனா மார்கழிக் குளுருல இந்த மலையில நான் இருக்கறனுங்களே. மேல ஒண்ணும் இல்லாம ஒரு உசுரு எப்படிங்க நிக்கும்?"

இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில் மூவரும் என்னைப் பார்த்தார்கள். விலங்கியல் படித்தவன் நான் ஒருவன்தானே.

விவசாயி எழுந்து போய் எதிர்க்கடையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கி வந்தார். அவர்கள் ஊர்ப்பக்கம் வழக்கு முற்றினால் அப்படித்தான். நடுவராக இருப்பவர் கையில் வெற்றிலை கொடுப்பார்கள். அவர் அதை மென்றுவிட்டுச் சொல்வதுதான் தீர்ப்பு. மற்ற இருவருக்கும் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "தோத்தவரு மூணு சந்தைக்கு இந்தப் படி ஏறக் கூடாது!" என்று கடைக்காரர் தண்டனையையும் அறிவித்துவிட்டு, யார் தோற்பார் என்று ஜெராக்ஸ் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் விவசாயி என் கையில் வெற்றிலையை வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "தோத்தவன் தானா வரக் கூடாதுங்க. தீர்ப்பு சொன்னவரு ஊடு தேடி வந்து, வெத்தல குடுத்துக் கூப்புடோணும். அதான் மொறை."

நான் தலையாட்டினேன். வெற்றிலையை மென்றேன்.

இறகு என்று சொன்னால் காட்டுக்கோழிக்குப் பிறகு இரண்டாம் முறையும் அவர் ஜெயிப்பார். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. செதில் என்று எழுதிய பழைய குறிப்பேட்டை வைத்தே கடைசி வருடம் வரை பாடம் நடத்தியவன் நான். கல்லில் இறகைப் பார்த்த பிறகும் அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை. திருத்தச் சோம்பல். இப்போது இறகு என்று சொன்னால், அத்தனை வருட மாணவர்களும் வரிசையாக வந்து வாசலில் நிற்பதுபோல எனக்குத் தோன்றியது.

"செதில்தான்" என்றேன். "இறகு கிடையாது. அறிவியல்படி."

 விவசாயி கையிலிருந்த மஞ்சள் பையை, திறக்கப் போனவர்போல ஒரு முடிச்சு அவிழ்த்திருந்தார். முடிச்சை மறுபடியும் போட்டார். "செரிங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மூன்று சந்தை போயிற்று. அவர் வரவில்லை. ஆறாவது சந்தையில் கடைக்காரர், "கோவமா இருக்கறாரு போலருக்குதுங்க" என்றார். ஜெராக்ஸ் அம்மா போன் செய்து பார்த்தார். "வாரதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க, அம்மிணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். சரக்கை இறக்கிவிட்டு, கடைக்குப் போகும் தெருவைக்கூடத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறார் என்று கேள்விப்பட்டோம். "என்ன மொறையோ!" என்று இருவரும் விழித்தார்கள். மேசையில் அவருக்காக எடுத்து வைத்த காமிக்ஸ்கள் சேர்ந்துகொண்டே போயின.

அந்த முறை எனக்குத் தெரியும். அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. மழை, வழியெல்லாம் அட்டைப்பூச்சி, முழங்கால் வலி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். செம்மேட்டிலிருந்து அரியூர் நாட்டுக்குப் பஸ் போகிறது. அட்டை பஸ்ஸுக்குள் வராது.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் முகத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். இடது கன்னம் முடிந்திருந்தது. ஜெராக்ஸ் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். புதிய கார்ட்டூன் ஒன்றில், கழுத்திலிருந்து வால் வரை இறகோடு ஒரு டைனோசர் குதித்துக்கொண்டிருந்தது.

"பாருங்க! அண்ணன் சொன்னது செரியாப் போச்சு!"

கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "கார்ட்டூன் தப்புங்க. ஐயா வெத்தல மென்னு சொல்லியிருக்காரு. அவரு பொய்யா சொல்லுவாரு?"

அந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை. நுரை வாயில் போக, எல்லாவற்றையும் சொன்னேன். இறகை, காட்டுக்கோழியை, பழைய குறிப்பேட்டை, வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டிய முறையை.

கத்தி அந்தரத்தில் நின்றது. "அப்ப தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

"அவரு நம்ம கூப்புடுவம்னு அங்க குந்தியிருக்காரு. நாம அவரு வருவாருன்னு இங்க குந்தியிருக்கறோம். நீங்க நடுவால ஷேவிங் பண்ணிட்டு இருக்கறீங்க." கத்தியை மடக்கினார். "மீதிய நீங்களே வழிச்சுக்கோங்க."

நான் வலது கன்னத்துத் தாடியோடு வீட்டுக்கு நடந்தேன். விஷயத்தைக் கேட்ட மனைவி, "செத்து மண்ணாப்போன ஒரு பல்லிக்காக உசுரோட இருக்கிற மனுசனை ஒதுக்கி வெச்சீங்களா?" என்றாள். அவள் அறிவியலைத் திருத்த நான் அன்று முயலவில்லை.

மறுநாள் காலை அதே முகத்தோடு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு அரியூர் நாட்டுக்குப் பஸ் ஏறினேன். அவர் வீட்டு வேலிப் படலை நான் திறந்ததும், போஸ்ட்மேனுக்குத் தெரிந்த அந்தச் சேவல் என் முன்னால் வந்து நின்றது. முழங்கால் உயரம். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. டைனோசருக்கு இறகு இருந்ததா என்று அந்த நிமிடம் உலகத்தில் யார் கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"ஓடாதீங்க சாமி, ஓடுனாத்தான் தொரத்தும்" என்று உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

அவர் வெளியே வந்தார். என் அரைத் தாடியைப் பார்த்தார். வெற்றிலையை இரண்டு கையாலும் நீட்டி, தெரிந்தே பொய் சொன்னேன், இறகு இருந்தது, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் அவர். "எறகு கெடையாது."

"இருந்ததுங்க. நான்தான் பொய் சொன்னேன்."

"மென்னுட்டுச் சொன்னது எப்படிங்க பொய்யாவும்? நானும் யோசிச்சுப் பாத்தனுங்க. நீங்க சொன்னதுதான் செரி."

போனில் கல் படத்தைக் காட்டினேன். "சருகு ஒட்டியிருக்குதுங்க" என்றார். என் பொய்யை நான் உடைக்க உடைக்க, அவர் அதை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டே போனார். வாழ்நாளில் என் எந்தப் பாடத்தையும் எந்த மாணவனும் இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டதில்லை.

அவர் மனைவிதான் பொறுமையிழந்தார். உள்ளே போய் அந்த மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினார். "பாருங்க ஐயா. அஞ்சு மாசமா ரப்பர வெச்சுட்டு இதத்தான் பண்ணுனாரு."

நாலு நீள நோட்டு. பென்சிலில் அவர் வரைந்த காமிக்ஸ். யாருக்கும் காட்டாதது. தீர்ப்பு நாளில் ஜெயித்திருந்தால் சலூனில் பிரித்துக் காட்டியிருப்பார். ஒரு டைனோசர் கொல்லிமலைக்கு வருகிறது. பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுக்கிறது. செம்மேட்டு ஆபீசில் இருப்பிடச் சான்று கேட்டு வரிசையில் நிற்கிறது. எத்தனை வருடமாக இங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஆறரைக் கோடி என்கிறது. ரேஷன் கார்டு நகல் எங்கே என்கிறார்கள்.

நான் சிரித்துவிட்டேன். உண்மையாகவே, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்புறம்தான் அந்த மிருகத்தின் உடம்பைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொரு இறகையும் அழித்திருந்தார். அழித்த தடம் போகாமல், வெந்நீரில் முக்கிப் பிடுங்கிய கோழியின் தோல்போல் புள்ளி புள்ளியாக இருந்தது. சில இடங்களில் தாள் கிழிந்து, அடுத்த பக்கத்துப் பஸ் தெரிந்தது.

"நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் சிரித்ததைப் பார்த்துக் கேட்டார்.

பென்சிலைக் கேட்டு வாங்கினேன். எல்லா இறகையும் நானே மறுபடி போட்டுத் தருகிறேன் என்றேன். நடுங்கும் கையால் முதல் பக்கத்தில் கழுத்தை முடிக்க அரை மணி நேரமாயிற்று. அவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது மரவள்ளி எலைங்க."

"இறகு."

"காம்பெல்லாம் இருக்குதுங்களே." அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். எழுந்து போய், நான் கொண்டுவந்திருந்த வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். மென்றார். "அடுத்த சந்தைக்கு வாரனுங்க" என்றார்.

வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்து மூவர் முன்னாலும் தீர்ப்பைத் திருப்பிச் சொன்னேன். கடைக்காரர் என் மறுகன்னத்தை அன்றுதான் முடித்தார். இனி கோழிக்கு முந்தைய எந்த உயிரைப் பற்றியும் நான் கருத்துச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தண்டனை. இன்றுவரை மீறவில்லை. அந்த நாலு நோட்டையும் ஜெராக்ஸ் அம்மா நகலெடுத்துத் தைத்து, சலூன் பெஞ்சில் வைத்திருக்கிறார். முதல் பக்கத்தைப் பார்ப்பவர்கள், டைனோசர் ஏன் தோட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று கேட்கிறார்கள்.

ஆனால் அவர் அதற்குப் பிறகு ஓர் இறகும் வரையவில்லை. ஐந்தாவது நோட்டு வந்தபோது ஆசையாகப் புரட்டினேன். டைனோசர் கழுத்திலிருந்து கால்வரை கம்பளி போர்த்தியிருந்தது. எல்லாப் பக்கத்திலும். சந்தையில், பஸ்ஸில், அருவியில் குளிக்கும்போதுகூட.

"உள்ளே இறகு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அழிச்ச கைங்க, மறுபடி போட வரலீங்க" என்றார். "உள்ள இருக்குதான்னு அதுக்குத்தானுங்க தெரியும்."

கடைசிப் பக்கத்தில் ஒரு கிழவர் குனிந்து கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கப் போகிறார். டைனோசர் அவர் கையைத் தட்டிவிடுகிறது. கிழவருக்கு ஒரு கன்னத்தில் மட்டும் தாடி.