கோகுலனுக்குப் பொய் வராது

என் தங்கை சிவதர்சினியின் புருசன் கோகுலனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வயலும் வீடுமாக இருக்கிற மனிதர். பரந்தன் பக்கம் யாரைக் கேட்டாலும் தங்கமான ஆள் என்பார்கள். அவர்கள் யாரும் அவரோடு ஒரே வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்ததில்லை.

அவருக்குப் பொய் வராது. அதுதான் வில்லங்கம். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அப்பா ஒரு மரியாதைக்கு, "தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஏதும்..." என்று இழுத்தார். எந்த மாப்பிள்ளையும் தலையைக் குனிந்து சிரிக்க வேண்டிய இடம் அது. இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குறட்டை விடுவன். பக்கத்து வீட்டுக்கும் கேக்குமாம். நான் கேக்கேல்லை, அண்ணா சொன்னவர்," என்றார். அப்பாவுக்கு அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துப்போயிற்று. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. குறட்டை இருக்கிறது.

வீட்டு முற்றத்தில் ஒரு பழைய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் நிற்கிறது. விற்பதற்காக நாலு வருடமாக நிற்கிறது. ஒருமுறை துணுக்காயிலிருந்து ஒருவர் வாங்குவதற்கென்றே வந்தார். கோகுலன் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, கிளச் வழுக்கும், மழைக்கு ஸ்டார்ட் வராது, ஒருதரம் வாய்க்காலுக்குள் விழுந்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் விழுந்த இடத்தையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். வந்தவர் நல்ல சிநேகிதராகத் திரும்பிப் போனார். அவருடைய வீட்டு விசேசங்களுக்கெல்லாம் இப்போது இவருக்குக் கார்டு வருகிறது.

நான் ஒட்டுசுட்டானில் பள்ளிக்கூட ரீச்சர். மார்கழி விடுமுறை விட்ட அன்றே ஒரு பையோடு பஸ் ஏறினேன். தர்சினிக்கு இரண்டாவது பிள்ளை, வயிறு வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று கிளிநொச்சியில் சொல்லிவிட்டார்கள். உதவிக்கு என்னை விட்டால் ஆளில்லை. எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் பிள்ளை வளர்ப்புப் பற்றி எனக்கு நிறையத் தெரியும்.

மார்கழி இருபதாம் திகதி ஆண்பிள்ளை பிறந்தது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முதல் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பிறப்புத் துடக்கு முப்பத்தொரு நாள். அதுவரை கோயில் இல்லை, விசேசம் இல்லை, தை பிறந்தால் பொங்கலும் இல்லை. துடக்கு தகப்பன் வழிச் சொந்தத்துக்குத்தான். நான் வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், எனக்கில்லை. எனக்கில்லாதபடியால் குசினி முழுக்க என் தலையில் விழுந்தது. பத்தியக் கறிக்குச் சரக்கு அரைப்பதும், தர்சினி குளிக்க இலைகள் போட்டு வேது தண்ணீர் காய்ச்சுவதும், பிள்ளையின் துணி தோய்ப்பதும், மழைக்கு அது காயாமல் கிடப்பதைப் பார்த்துப் பேசுவதுமாக என் விடுமுறை கழிந்தது. மத்தியானம் சோற்றில் கை வைத்த உடனே கோகுலன் சொல்வார், "உப்புக் கூட, அக்கா."

"ஓம், கண்ணீர் விழுந்திருக்கும்," என்பேன்.

"அவ்வளவு உப்பு வராது," என்பார்.

இனி மூத்தவள் யதுர்ஷிகாவுக்கு வருவோம். வயது மூன்றும் மூன்று மாதமும். போன பொங்கலுக்கு அவளுக்குக் காய்ச்சல். முற்றத்தில் பால் பொங்கும்போது வீட்டில் ஒவ்வொருவரும் மூன்று கை அரிசி அள்ளிப் பானைக்குள் போடுவார்கள் அல்லவா, அதை அவள் பாயில் கிடந்தபடியே பார்த்துவிட்டு அழுதிருக்கிறாள். அடுத்த பொங்கலுக்கு நீயும் மூன்று கை போடலாம் என்று கோகுலன் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அந்த வீட்டில் பூனைக்கும் தெரியும். ஆகவே பிள்ளை ஒரு வருடமாகக் காத்திருந்தாள். நான் போனபோது ஒரு சிரட்டையை வைத்துக்கொண்டு, மண்ணை அள்ளி அள்ளி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று பழகிக்கொண்டிருந்தாள்.

நத்தாரன்று காலையும் அவள் அப்படிச் சிரட்டையோடு இருந்தபோது தகப்பன் கண்டுவிட்டார். வேறு மனிதராயிருந்தால் பேசாமல் தாண்டிப் போயிருப்பார். இவர் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"பிள்ளை, இந்தமுறை எங்களுக்குப் பொங்கல் இல்லை."

"ஏன்?"

"தம்பி பிறந்திட்டான். துடக்கு."

துடக்கு என்றால் என்ன என்று பிள்ளை கேட்டாள். அவர் சொன்னார். அரை மணித்தியாலம் சொன்னார். தகப்பன் வழி, தாய் வழி, முப்பத்தொரு நாள், ஐயர் வந்து தீர்த்தம் தெளிப்பது எல்லாம் சொன்னார். தலையில் அடித்துக்கொண்டு நான் குசினி வாசலில் நின்றேன். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதில் தனக்கு விளங்கிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

அன்றிலிருந்து அவள் தாயின் அறைக்குள் போகவில்லை. வாசல்படிக்கு வருவாள். கட்டிலில் தாயும் தாயின் கைக்குள் அந்தச் சிவப்புப் பொட்டலமும் கிடப்பதைப் பார்ப்பாள். "வாடி குஞ்சு, அம்மாட்ட வா," என்று தர்சினி கையை நீட்டுவாள். பிள்ளை திரும்பிப் போய்விடுவாள். எழும்பிப் பின்னால் ஓடிப் பிடிக்கத் தர்சினியால் முடியாது, வயிற்றில் தையல். முன்பெல்லாம் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாள். இப்போது தகப்பனின் குறட்டைக்குள் கிடந்து தூங்கினாள்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். நாலு நாள் போனது, ஒரு கிழமை போனது. தர்சினி சாப்பாட்டைக் குறைத்தாள். பாலும் குறைந்தது. பார்க்க வந்த மருத்துவமாது சின்னவனை நிறுத்துப் பார்த்துவிட்டு, "நிறை ஏறக் காணேல்லையே. தாய் மனசை நல்லா வச்சிருக்கவேணும்," என்று சொல்லிப் போனா. மனதை எங்கே கொண்டுபோய் நல்லாக வைப்பது? "அக்கா, அவள் என்னை வேண்டாமெண்டு விட்டிட்டாள்," என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பொய் சொல்லித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன். இப்படியான விசயங்களில் எனக்குக் கை வந்த வழி அதுதான். புதுவருசத்தன்று பரந்தனுக்குப் போய் ஒரு பெட்டி கிறீம் விசுக்கோத்து வாங்கிவந்து, "இஞ்ச பார் யது, தம்பி உனக்கு விசுக்கோத்து கொண்டு வந்தவன்," என்றேன்.

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தம்பி கடைக்குப் போகேல்லை, பெரியம்மா. அவனுக்கு நடக்கத் தெரியாது."

"ஓம், அது சரிதான்," என்றார் பக்கத்தில் நின்ற தகப்பன்.

விசுக்கோத்தை அவள் சாப்பிட்டாள். வாசல்படியைத் தாண்டவில்லை. பிறகு பலூன் வாங்கினேன். நித்திரையில் தம்பி அக்கா அக்கா என்று கூப்பிட்டான் என்றேன். பிறந்து இரண்டு கிழமையில் பிள்ளைகள் பேசுமா என்று அவள் தகப்பனிடம் கேட்டாள். பேசாது என்றார். அன்று மாலை கிணற்றடியில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கோகுலன், இது உங்கட வாயால வந்த வினை. நான் சொல்லுற பொய்யையாவது நிண்டு பிடிக்க விடுங்கோ."

"பிள்ளை கேட்டாள், அக்கா. நான் என்ன செய்ய?"

"பேசாமல் இருங்கோவன்!"

"பேசாமல் இருந்தால் ஓம் எண்டு அவள் நினைப்பாள்," என்றார். வாளியைக் கிணற்றுக்குள் போட்டேன். அவரைப் போட முடியாதபடியால்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. லீவு போட்டுவிட்டு இருந்தேன். தைப்பொங்கலும் வந்தது. விடியற்புறமே நாலு பக்கமும் வெடிச் சத்தம். எல்லா முற்றத்திலும் புகை எழும்பியது, எங்கள் முற்றத்தில் மட்டும் லான்ட்மாஸ்டர் நின்றது. யது படலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

பக்கத்துக் காணி கமலேஸ்வரி வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலைச் சுற்றிக்கொண்டு வந்தா. அவவின் தகப்பன் காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இவர்களோடு ஒரே வேலிதான், உறவைவிட ஒட்டு. "இந்தா பாப்பா, சூடா இருக்கு, பாத்துப் புடி," என்று நீட்டினா.

பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்களுக்குப் பொங்கல் இல்லை, மாமி. தம்பி பிறந்திட்டான்."

தகப்பன் சொன்ன அதே குரல், அதே முகம். கமலேஸ்வரி சிரிக்கவும் முடியாமல் பொங்கலை என் கையில் தந்துவிட்டுப் போனா. அறைக்குள்ளிருந்து தர்சினி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிற சத்தம் முற்றம் வரைக்கும் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தோளில் மண்வெட்டியோடு வயலுக்கு வெளிக்கிட்ட மனிதரை மறித்தேன். "உந்த மண்வெட்டியை வையுங்கோ. போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில இருங்கோ. ஒரு பொய் சொல்லுங்கோ. ஒண்டே ஒண்டு. பொங்கல் வேண்டாம் எண்டு சொன்னது தம்பி இல்லை, ஐயர்தான் எண்டு சொல்லுங்கோ. ஐயர் கோவிக்க மாட்டார்."

அறைப் பக்கம் பார்த்தார். மண்வெட்டியை வைத்தார். பொங்கலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில், லான்ட்மாஸ்டரின் சில்லில் சாய்ந்து இருந்தார். நான் மாமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

"பிள்ளை," என்றார். "ஐயர்..."

நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். நெற்றியைத் துடைத்தார். தைமாதக் குளிரில் மனிதருக்கு வேர்த்தது. மறுபடியும், "ஐயர்..." என்றார். அதற்கு மேலே போகவில்லை. பிள்ளை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "நீ பிறந்தபோது எங்களுக்குத் தீபாவளி இல்லை," என்றார்.

நாசமாய்ப் போச்சு என்று நினைத்தேன். ஏற்கெனவே பிள்ளைக்குத் தம்பியோடு கோபம், இனித் தன்னோடும் கோபிக்கப் போகிறாள்.

"ஏன் இல்லை?"

"நீ பிறந்திட்டாய். நாலு நாளில தீபாவளி. துடக்கு."

"புதுச்சட்டை?"

"இல்லை."

"வெடி?"

"இல்லை. பலகாரமும் இல்லை. கமலேஸ்வரி மாமி கொண்டு வந்து தந்தவா, அதைத்தான் சாப்பிட்டனாங்கள்."

பிள்ளை யோசித்தாள். "அம்மாவுக்கும் இல்லையா?"

"அம்மாவுக்கும் இல்லை."

சில்லில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அம்மா என்னோட கோவமா இருந்தவவா?"

அவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. இந்தக் கேள்விக்குமா யோசிக்க வேண்டும், பாவி மனிதர்! யோசித்தார். அந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"இல்லை," என்றார். "ஒருநாளும் இல்லை. என்னோட ரெண்டுதரம் கோவிச்சவா. உன்னோட இல்லை. படுக்கச் சொன்னாலும் படுக்கமாட்டா, உன்னை மடியில வச்சு முகத்தையே பாத்துக்கொண்டிருப்பா. தீபாவளியண்டு வெடி கேட்டு, இதென்ன சத்தம் எண்டு என்னட்டக் கேட்டவா. தீபாவளி வந்ததே அவாக்குத் தெரியாது."

யதுர்ஷிகா எழும்பினாள். தகப்பனின் கையிலிருந்த வாழையிலையை இரண்டு கையாலும் வாங்கினாள். சிந்தாமல், பார்த்துப் பார்த்து நடந்து வீட்டுக்குள் போனாள். நானும் அவரும் பின்னால் போனோம். வழமையாக நிற்கிற வாசல்படியில் நின்றாள்.

"அம்மா, நான் பிறந்தபோது உங்களுக்குத் தீபாவளி இல்லையா?"

தர்சினி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோகுலனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"இல்லையடி குஞ்சு."

"கவலையா இருந்ததா?"

"ஏன் கவலை? நீ இருந்தாய்தானே."

பிள்ளை படியைத் தாண்டினாள். மூன்று கிழமைக்குப் பிறகு. கட்டிலில் ஏறி, தாயின் மடிக்கு அருகே இலையை விரித்து, கை நிறைய அள்ளித் தாயின் வாய்க்குள் வைத்தாள். "ஒண்டு," என்றாள். பிறகு "ரெண்டு." பிறகு "மூண்டு." தர்சினி அழுகையும் பொங்கலுமாக மூச்சுத் திணறி, "மெதுவாடி," என்றாள்.

"கதையாதேங்கோ அம்மா. சாப்பிடேக்க கதைக்கக் கூடாது," என்றாள் பிள்ளை. அது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. பிறகு குனிந்து தம்பியைப் பார்த்தாள். அவனுடைய வாயை ஒரு விரலால் திறந்து உள்ளே பார்த்தாள். "உனக்குப் பல்லில்லை. அடுத்த பொங்கலுக்குத் தாறன்," என்றாள். தகப்பனின் குரலில்தான் சொன்னாள். தருவாள்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்று கோகுலனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அவள் இதைக் கேக்கேல்லை, அக்கா."

நான் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் தண்ணீர் குடிக்க வந்தார். என் முகத்தைப் பார்த்து, "ஏனக்கா அழுறியள்?" என்று கேட்டார்.

"அழேல்லை. புகை," என்றேன்.

அவர் குனிந்து அடுப்பைப் பார்த்தார்.

"அடுப்பு இன்னும் மூட்டேல்லை," என்றார்.