கடைசியாக இறங்குகிறவர்

எங்கள் கட்டடத்தில் அவரை எல்லாரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவோம். சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டிக்கொண்டிருந்தவர். படம் முடிந்து கூட்டம் கலைந்ததும், யாராவது தூங்கிக் கிடக்கிறார்களா என்று வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வருவார். தியேட்டரை இடித்துவிட்டார்கள். டார்ச் மட்டும் அவர் கையோடு வந்துவிட்டது. நான்காவது மாடியில் தனிக்குடித்தனம். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தலையணை. அவர் வீட்டு அழைப்பு மணி கெட்டுப்போயிருப்பது, நான் ஒருநாள் போய் அழுத்தும்வரை அவருக்கே தெரியாது.

எதிர்க் கட்டடத்தில் மீட்டர் பெட்டி எரிந்து படியெல்லாம் புகை அடைத்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் புதிதாகப் பேத்தி வந்திருக்கிறாள். அவள் கொட்டாவி விட்டால்கூட நாங்கள் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறோம். மூன்றாவது மாடியிலிருந்து அவளை எப்படி இறக்குவது?

எல்லாரையும் கூட்டிப் பேசினேன். தீ என்றால் எதையும் எடுக்காமல் படிவழியே இறங்கி, தெருவிளக்குக் கம்பத்தடியில் சேர வேண்டும். அவரவர் வீட்டு ஆளை அவரவர் எண்ண வேண்டும். படியில் புகை இருந்தால் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி திணித்து, ஜன்னலில் நின்று கத்த வேண்டும். மேலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே வரும் வேலையை டார்ச் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சரி, எல்லாரையும் நான் எறக்கிவிடுறேன். நான் எறங்கினேனான்னு யாரு பாக்குறது?" என்று சிரித்தபடி கேட்டார்.

"ஒண்டிக்கட்டைக்கு என்னப்பா கணக்கு? கண்ணாடியப் பாத்து நீயே எண்ணிக்கோ!" என்றார் கட்டடத்துச் செயலாளர்.

எல்லாரும் சிரித்தோம். டார்ச்சும் சிரித்தார். அப்படியே ஒத்திகைக்கு நாள் குறித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. தடதடவென்று கதவு தட்டும் சத்தம். ஓடினோம். இரண்டாவது மாடி அம்மா குக்கரோடு இறங்கினார்.

"ஏம்மா, தீப்பிடிச்சா குக்கரத் தூக்கிட்டா ஓடுவ?" என்றேன்.

"இன்னும் ரெண்டு விசில் பாக்கிண்ணே!"

எண்ணிப் பார்த்தோம். எல்லா வீட்டிலும் சரியாக இருந்தது. கைதட்டிவிட்டுக் கலைந்தோம். செயலாளர் வழக்கம்போல, திருடன் பயத்தில், மொட்டை மாடிக் கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பேத்தியின் துணிகளை எடுக்கச் சாவி வாங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் டார்ச் உட்கார்ந்திருந்தார். மடியில் பேத்தியின் துணிகள், அழகாக மடித்து அடுக்கியபடி.

"ஒத்திகை முடிஞ்சுதாண்ணே?" என்றார்.

"இங்க என்னப்பா பண்ற?"

"எல்லாக் கதவையும் தட்டிட்டு, யாராச்சும் துணி காயப்போட வந்திருப்பாங்களோன்னு தொட்டிக்குப் பின்னால பாக்க வந்தேன். திரும்புறதுக்குள்ள பூட்டிட்டாங்க. ஃபோனை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்."

"கத்தியிருக்கலாமே!"

"கத்தினேன். தெருச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அப்புறம், எப்படியும் தேடி வருவாங்கன்னு உக்காந்துட்டேன்."

அவர் தொண்டை வறண்டு குரல் கம்மியிருந்தது. நிஜத் தீயாக இருந்திருந்தால்? அன்றே நானும் மாப்பிள்ளையும் அந்தப் பூட்டைக் கழற்றி, இரண்டு பக்கமிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போட்டோம்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஒத்திகை. கம்பத்தடியில் என் மகள் குழந்தையோடு நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா..." தன் வீட்டுக்காரரையும் சரிபார்த்துக்கொண்டு, படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "சித்தப்பா!"

கடைசியாக இறங்கி வந்த டார்ச், யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். படியில் யாரும் இல்லை.

"உங்களத்தான் சித்தப்பா. வந்து இவளப் பிடிங்க, எனக்குக் கை வலிக்குது."

அவர் கையிலிருந்த டார்ச் விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டையில் இரண்டு கையையும் துடைத்தார். பிறகு இன்னொரு தடவை துடைத்தார்.