விஷ்ணுவிடம் கேட்க மனம் வரவில்லை

திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் என்னோடு வேலை பார்த்த மலையாளி விஷ்ணு கனடாவுக்குப் போய், சில வருடங்களில் பெற்றோரையும், அப்பா அம்மா நீண்டநாள் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் அழைத்துக்கொண்டான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவன் அம்மா பனியில் நின்று சிரிப்பார். என் அம்மா ஹைவே ஓரத் தட்டுக்கடையில் தோசைக்கல் முன்னால் வேர்த்துக்கொண்டிருப்பார். எனக்கு வயிறு எரியும்.

பிறகு எனக்கும் அங்கே வேலை கிடைத்து, ஒர்க் பெர்மிட் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால், நான் சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சு கிடையாது. "சீக்கிரமே உன்னையும் கூட்டிட்டுப் போயிருவேன், கடையைக் கைமாத்திரும்மா" என்றேன். விஷ்ணுவிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அவனிடம் போய்க் கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

கடையை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள், எங்கள் கடையில் தோசை தின்ற பழைய பழக்கத்தில் விஷ்ணுவே அம்மாவை வீடியோ காலில் அழைத்தான். அம்மா பெருமையாக விஷயத்தைச் சொன்னதும், போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"எடா, நினக்கு பி.ஆர். கிட்டியோ?"

"இல்ல, ஒர்க் பெர்மிட்தான்."

"அய்யோ! நிரந்தரமா தங்க பி.ஆர். கிட்டினாத்தான் அம்மைய சூப்பர் விசாவில கொண்டுவர முடியும். அதுக்கு வருஷங்கள் ஆகும். கடைய விடண்டா, கையிலயே வெச்சுக்கோ!"

கேட்டுக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கடையும் போயி, நீயும் போயிருந்தா நான் எங்க மக்களே நிப்பேன்? விஷ்ணு நல்ல பிள்ளை."

அந்தக் கடைசி வார்த்தைதான் அதிகம் சுட்டது.

கடையைக் கைமாற்றவில்லை. இப்போது விசா சம்பந்தமாக எதுவானாலும் முதலில் விஷ்ணுவிடம்தான் கேட்கிறேன். அவன் ஸ்டேட்டஸைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. எரிச்சலோடேயே கேட்கிறேன்.