இரண்டு ஐம்பத்தேழு

மருத்துவமனைப் பதிவறையில் அவளுக்கு ஃபைலம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும் தைரியம் எவருக்கும் இருந்ததில்லை. செத்துப்போனவன் ஃபைலாக இருந்தாலும் அரை அங்குலம் தள்ளி வைக்க விடமாட்டாள் என்று வார்டு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதுக்கு வந்திருக்கிறது. உள்ளூரப் பெருமைதான்.

வீட்டுக்கு வந்தாலும் அதே பிழைப்பு. மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அவள் இருந்தாள், இன்னொன்றில் படக்கதைப் புத்தகங்கள் இருந்தன. நல்ல அறை எது என்று கேட்டால் புத்தகங்கள் இருந்ததுதான். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, சுவரை ஒட்டாமல் ஒரு கை அகலம் தள்ளிப் போட்ட இரும்பு அலமாரிகள், தரையில் ஈரம் ஏறினாலும் தொடாதபடி காலியாக விட்ட அடித்தட்டு. துருப்பிடித்த பின்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, முதுகை நூலால் தைத்திருந்தாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை, உறையின் வாய் திறந்தே இருக்கும். "காகிதத்துக்கும் மூச்சு வேணும்" என்பாள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்கென்று ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதெல்லாம் அவள் அலமாரியில்தான் வந்து சேரும். அலுவலகத்தில் யாராவது புதுச் செருப்போடு வந்தால் "நல்லா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். "பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்றுதான் கேட்பாள்.

எந்தக் கதை, எந்த மாதம், எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று புத்தகத்துக்கு ஒரு குறிப்புச் சீட்டு எழுதி வைத்திருந்தாள். இத்தனை செய்தும் அந்த அறையில் இருந்தது பாதிதான். மீதிப் பாதி கீழே, தம்பி வீட்டில், பூட்டிய பீரோவில் இருந்தது.

தம்பி டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழக்குகிறவன். அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்க பிரேக்கை மிதிப்பதுதான் அவன் உத்தியோகம். வீட்டிலும் யார் எதை நகர்த்தினாலும் அவன் கால் பிரேக்கில்தான் இருக்கும். அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தபோது மாடி இவளுக்கு, கீழ் அவனுக்கு என்று சத்தமில்லாமல் முடிந்தது. பாத்திரம் பண்டம் எல்லாம் முடிந்தது. படக்கதைகளில்தான் வந்து நின்றது. சின்ன வயதில் மாதாமாதம் அப்பா வாங்கி வந்த புத்தகங்கள். இவளும் விடவில்லை, அவனும் விடவில்லை. பஞ்சாயத்துக்கு வந்திருந்த தாய்மாமாவுக்குப் பசி வேறு.

"கழுதை வயசாச்சு, பொம்மைப் புத்தகத்துக்கு அடிச்சுக்கிறீங்களே, வெக்கமா இல்ல? ஒத்தப்படை நம்பரெல்லாம் அவளுக்கு, ரெட்டப்படையெல்லாம் அவனுக்கு. போங்க!" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு கதையும் இரண்டு இதழ்களில் வரும். முதல் பாதி ஒரு மாதம், மறுபாதி அடுத்த மாதம். மாமாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் பசி பொறுத்திருக்குமா என்ன! ஆக, தொடக்கமெல்லாம் அக்காவிடம், முடிவெல்லாம் தம்பியிடம். கொலையாளியைத் துரத்திக்கொண்டு ஓடுபவன் மாடியில் ஓடிக்கொண்டே இருந்தான். பிடிபட்டவன் கீழே பீரோவுக்குள் பிடிபட்டுக் கிடந்தான். ஒருவர் வாய்விட்டு "கொஞ்சம் கொடு, படிச்சிட்டுத் தரேன்" என்று கேட்டிருந்தால் போதும். கேட்பார்களா? வீம்பு அப்படி.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அச்சகத்தில் எவனோ தூங்கி வழிந்திருக்கிறான். ஐம்பத்தேழு என்ற எண் அடுத்தடுத்த இரண்டு மாதங்களுக்கு விழுந்துவிட்டது. இரண்டிலும் ஒற்றைக்கண் மாலுமியின் கதை, முதலில் வந்ததில் முன்பாதி, அடுத்ததில் பின்பாதி. இரண்டும் ஒற்றைப்படை, அதனால் இரண்டும் தனக்கே என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் தலையும் வாலுமாக ஒருவரிடமே முழுசாக இருந்த ஒரே கதை அதுதான். அதற்குப் பிறகு வந்த கதைகளெல்லாம் தலைகீழ், தொடக்கம் தம்பியிடம், முடிவு அக்காவிடம்.

"மொதல்லேந்து எண்ணிப் பார்க்கச் சொல்லு. அது அம்பத்தெட்டு. எனக்குச் சேர வேண்டியது" என்று தம்பி தன் மனைவியிடம் சொல்லியனுப்பினான். இருவருக்கும் நேர்ப்பேச்சு அப்போதே நின்றுபோயிருந்தது.

"அட்டையில போட்டிருக்கிற நம்பர்தான் நம்பர்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. எண்ணித்தான் பிரிக்கணும்னா அதுக்கப்புறம் வந்த அத்தனையும் இடம் மாறணும். மாத்தத் தயாரான்னு கேளு" என்று இவள் திருப்பியனுப்பினாள்.

"தயார்னு சொல்லு!"

"எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லு!"

தம்பி மனைவி தையல் வேலை செய்கிறவள். ஒருநாள் படியில் பாதி ஏறியவள் அங்கேயே உட்கார்ந்து, "நீங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்து கத்துங்க, எனக்கு முட்டி வலிக்குது" என்றாள்.

எண்ணை வைத்துச் சண்டை போட்டார்களே தவிர, சண்டை எண்ணைப் பற்றியதே அல்ல. அந்த இரண்டாவது ஐம்பத்தேழு வந்த மாதம் தம்பி மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்பா அதைக் கடையிலிருந்து நேராக அவன் படுக்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவனுக்கென்றே வாங்கிய ஒரே புத்தகம் அது. அதை அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அதனால் எண்ணை எண்ணினான். இவளுக்கு அது நன்றாகவே தெரியும். அந்த மாதம் முழுக்கப் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, பக்கத்து வீட்டில் தலை பின்னிக்கொண்டு, எப்போது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அம்மாவும் அப்பாவும் வந்தால்கூட அவனுடைய துணியை எடுக்கத்தான் வந்தார்கள். தம்பிமேல் இரக்கம் வரவேண்டிய இடத்தில் எரிச்சல் வந்தது, வந்தது போகவேயில்லை. கொடுக்க மாட்டேன் என்றால் கொடுக்க மாட்டேன்தான்.

"ஒருநாள் நானே மேல வந்து எடுத்துக்குவேன்" என்று அவன் முற்றத்தில் நின்று கத்திய அன்று, அவள் ஒரு காரியம் செய்தாள். பதிவறையில் போலீஸ் கேஸ் காகிதங்களை வைப்பதுபோல அந்த ஒரு புத்தகத்தை மட்டும் இரட்டை உறையில் போட்டு, நான்கு பக்கமும் இறுக்கி டேப் ஒட்டி, டேப்பின்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டாள். எவன் தொட்டாலும் தெரிந்துவிடும். பின்னைக்கூடப் பிடுங்கவில்லை. சாட்சிப் பொருளில் கைவைக்கக் கூடாதல்லவா? பிறகு அதைத் தன் துணி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தாள்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஒரு மழைக்காலத்தில் தம்பி மனைவி மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"அண்ணி, உங்க குளியலறைக் குழாய் எங்கேயோ விட்டிருக்கு. எங்க ரூம் சுவர் ஊதிப்போய் நிக்குது. பீரோ இருக்கிற சுவர்."

ஃபைலம்மாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த நிமிடமே உறைத்தது. அங்கே நனைந்துகொண்டிருந்தது அவன் சொத்து மட்டுமா? அவள் பாதி படித்து நின்ற அத்தனை கதைகளின் முடிவும் அங்கேதானே இருந்தது? விறுவிறுவென்று இறங்கிப் போனாள். அந்த வாசலை அவள் மிதித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

தம்பி பீரோவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். வழக்கம்போல மனைவியைப் பார்த்துத்தான் பேசினான். "வேணும்னே குழாயை உடைச்சிருக்கா. நான் பீரோவைத் திறக்கணும், இவ எட்டிப் பார்க்கணும். அதான் திட்டம்."

"உன் பீரோவைப் பார்க்கத்தான் நான் தவம் கிடக்கிறேனா? அடித்தட்டுல என்னடா வச்சிருக்க? அடித்தட்டுல எவனாவது புத்தகம் வைப்பானா?"

"என் பீரோ, என் தட்டு."

"ஊறுதுடா! சாவியைக் கொடு!"

"ஊறினா ஊறட்டும். உன் கையில கொடுக்கறதுக்கு ஊறிப்போறதே மேல்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி மனைவி தையல் பெட்டியிலிருந்து இன்னொரு சாவியை எடுத்துவந்து, புருஷனைத் தோளால் ஓரம்கட்டிவிட்டு பீரோவைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மழை விட்டிருந்தது. காற்றுள்ள இடம் மாடியில்தான், கொடி கட்டியிருப்பதும் மாடியில்தான். வேறு வழியில்லாமல் அவன் புத்தகங்கள் அவள் மொட்டைமாடிக்கு ஏறின. "வெயில்ல போடாதே, சுருண்டுக்கும்! நிழல்ல! பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பர் சொருகு! ஒட்டியிருந்தா இழுக்காதே, காஞ்சப்புறம் தானா விடும்" என்று பதிவறையில் போடும் அதே அதட்டலைப் போட்டாள். தம்பி சொன்னபடி செய்தான். அதே நேரம் அவள் எந்தப் பக்கத்தையும் படித்துவிடாதபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டும் இருந்தான். பேப்பர் மாற்றும் சாக்கில் அவள் ஒரு முடிவைப் படித்தேவிட்டாள். கொலைகாரன் தோட்டக்காரன்தான். சின்ன வயதில் படித்தது அத்தனையும் மறந்துபோயிருந்ததால் புதிதாகவே இருந்தது. அவ்வளவு கோபத்திலும் மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் புத்தகங்கள் ஒருவாறு தேறிவிட்டன. அட்டைகள் நெளிந்திருந்தன, ஓரங்களில் கறை, மற்றபடி எழுத்தும் படமும் உயிரோடு இருந்தன. தம்பி மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் மேலேயே இருக்கட்டுமே. அண்ணிதான் இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் எடுத்துப் படிங்க."

தம்பி கொடியில் நழுவிய ஒரு புத்தகத்தைச் சரியாகப் போட்டான். பிறகு மனைவியைப் பார்க்காமல், நேராக அக்காவைப் பார்த்துப் பேசினான். "என்னோடது அத்தனையும் நீயே வச்சுக்கோ. திருப்பிக் கேட்க மாட்டேன். அந்த ஒண்ணு மட்டும் கொடு. அதுல மாலுமிக்கு நான் மீசை வரைஞ்சேன், படுத்துக்கிட்டே. அது எனக்கு வேணும்."

அவள் கணக்குப் போட்டாள். ஒரு புத்தகத்துக்கு இத்தனை புத்தகம். பதிவறையில் இருந்து ஓய்வு பெற்றதும் முதல் இதழிலிருந்து வரிசையாக, தொடக்கமும் முடிவுமாக, உட்கார்ந்து படிக்கலாம். அதைவிட, அவன் நேராகப் பார்த்துக் கேட்டுவிட்டான். எழுந்து போய்ப் புடவைகளுக்கு அடியிலிருந்து உறையை எடுத்துவந்தாள். "பாத்துக்கோ. ஒரு தூசி பட்டிருக்காது" என்று சொல்லிக்கொண்டே தன் கையெழுத்தின்மேல் பிளேடை ஓட்டினாள்.

உறை திறந்ததும் குப்பென்று நாற்றம் அடித்தது.

அன்று மழைக்காலத்து ஈரத்தோடு மூடிய உறை. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் இத்தனை வருடமும் உள்ளேயே கிடந்திருந்தது. பிடுங்காமல் விட்ட பின் துருவாகிப் புத்தகத்தின் நடுவைத் தின்றிருந்தது. பூஞ்சை பூத்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. அவள் பிரிக்கப் பார்த்தாள். அட்டையின் தோல் உறையோடு உரிந்து வந்தது, எண் போட்டிருந்த மூலையும் அதோடு போனது.

மூச்சு வேண்டும், மூச்சு வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் இந்த ஒன்றுக்கு மட்டும் மூச்சை அடைத்துவிட்டாள்.

தம்பி கட்டியைக் கையில் வாங்கினான். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பினான். மீசையைத் தேடியிருப்பான். காகிதம் பொடியாக அவன் மடியில் உதிர்ந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அதைப் பத்திரமாக அவள் கையிலேயே திருப்பி வைத்தான்.

"இது உன்னோடதுதான்க்கா. நீ சொன்னதுதான் சரி. அட்டையில போட்டிருக்கிற நம்பர்தான் நம்பர்."

பிறகு கொடியிலிருந்து தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். மனைவி ஏதோ சொல்ல வந்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தனையையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினான்.

"ஈரம் காயலடா! இப்ப பீரோவுல வைக்காதே! காத்துல வை, மூடி வைக்காதேடா!"

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கத்திக்கொண்டே இருந்தாள். கீழே பீரோவைப் பூட்டும் சத்தம் கேட்டது.