குஷாய்குடாவுக்கு அப்பால் ஒரு விமானக் கல்

2006 டிசம்பர், ஞாயிறு. காலை ஏழு மணிக்கு ஹைதராபாத் நாச்சாரத்தில் ஆட்டோ பிடித்தேன். பேரம் பேசி நாற்பது ரூபாய். குஷாய்குடாவில் என்னுடன் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் மாலதி, அவள் அப்பா தாமோதரனுடன் காரில் காத்திருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குஷாய்குடாவுக்கு அப்பால் பயிற்சிக்குப் பறந்த இரண்டு போர் விமானங்கள் வானத்திலேயே மோதி விழுந்தன. ஒன்றை ஓட்டியவர் தாமோதரனின் பெரியப்பா. மற்றொன்றில் பாலசுந்தரம் என்பவரின் சித்தப்பா. இரண்டுமே செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்கள். யார் யாரை இடித்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. விழுந்த இடத்தில் இருவருக்கும் வைத்த நினைவுக்கல் என்னவோ ஒன்றுதான். ஆண்டுதோறும் அந்த நாளில் தாமோதரன் வீட்டார் எட்டு மணிக்கும் பாலசுந்தரம் வீட்டார் பத்து மணிக்கும் வந்து, தத்தம் பெயரை மட்டும் கழுவி, வெட்டிய எழுத்துக்கு வெள்ளை பூசிவிட்டுப் போவார்கள். மாலதி கட்டிக்கொள்ள நினைப்பதோ பாலசுந்தரத்தின் மகன் சுரேஷை! இரண்டு அப்பாக்களும் சம்மதிக்கவில்லை. இந்த முறை மாலதியும் சுரேஷும் பேசிவைத்து பாலசுந்தரத்தையும் எட்டு மணிக்கே வரவைத்திருந்தார்கள்.

பதினொரு கிலோமீட்டர். வழியெல்லாம் மனை விற்பனைக் கொடிகள். 7.50க்குப் போய் இறங்கினால், கல்லுக்கு முன்னால் பாலசுந்தரம் தூரிகையோடு குந்தியிருந்தார். பக்கத்தில் சுரேஷ் நின்றான்.

தாமோதரன் தன் பெரியப்பாவின் பெயருக்கு வெள்ளை பூசினார். பாலாநகர் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர், எழுத்தின் ஓரம் பிசகவில்லை. பிறகு பக்கத்தில் பார்த்தார். பாலசுந்தரம் பூசிய வெள்ளை, எழுத்தைத் தாண்டி வழிந்திருந்தது.

"என்ன சார் இது, கண்ணாடி போடலியா?"

"வீட்ல மறந்துட்டேன். அவசரமா கிளப்பிட்டான் இவன்."

"நக்கோ நக்கோ, வேணாம், கைய எடுங்க. நாஸ்தி பண்றீங்க."

தூரிகையைப் பிடுங்கி, வழிந்ததைத் துணியால் துடைத்து, அந்தப் பெயரையும் முதலிலிருந்து அவரே பூசினார். பாலசுந்தரம் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பெரியப்பா நேராத்தான் வந்தாரு. அதுல மாத்தமில்ல," என்றார் தாமோதரன், தலை நிமிராமல்.

"எங்க சித்தப்பாவும் நேராத்தான் வந்தாரு."

"ஹவ், ஆமா, அப்படித்தான் சொல்வீங்க. டப்பாவ இன்னும் கிட்ட பிடிங்க."

மாலதி மெல்லக் கேட்டாள்: "அப்பா... கல்யாணப் பத்திரிகை?"

கடைசி எழுத்தை முடித்துவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என் கைக்கு வரணும். இவங்க வீட்ல பிழை பாக்க ஆளில்ல."