பேனரில் தூக்கிய கன்னம்

“…இன்னும் கொஞ்சம் தூக்குப்பா, டாக்டரு இவ்ளோ தூக்கலாம்னு தொட்டுக் காமிச்சாரு” என்றபடி, பாகூர் பேனர் கடையில் அந்த அம்மா இரண்டு விரலால் தன் கன்னங்களை மேலே தள்ளிப் பிடித்திருந்தார். வாயைத் திறந்தாலே விரல் கன்னத்துக்குப் போய்விடும்.

தம்பி மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு பேனர். அத்தை படம் இல்லாமல் முடியுமா? வட்ட முகம், பெரிய மூக்குத்தி, ஐம்பது வயதுக்கு உரிய அளவு தொங்கிய கன்னம்.

“கன்னத்துக்குள்ள நூலை வுட்டு இழுத்துத் தூக்குவாங்களாம்” என்றார், விசிட்டிங் கார்டு அடிக்க வந்து பக்கத்தில் காத்திருந்த என்னிடம். “ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் நிக்குமாம். அப்புறம் எறங்கிடுமாம். செய்யலாமா வேணாமான்னு ஒரே கொழப்பம். அதான் மொதல்ல பேனர்ல தூக்கிப் பாக்கறேன். நாலு பேரு நல்லாருக்குன்னா திங்கக்கிழமை போய் செஞ்சுக்குவேன்.”

“யக்கா, இதுக்கு மேல தூக்குனா கண்ணு மூடிக்கும்” என்றார் கம்ப்யூட்டரில் இருந்தவர்.

“மூடிக்கட்டுமே. பேனருக்கு இன்னா, கண்ணு தெரியணுமா?”

ஊர் என்ன சொல்கிறது என்று பார்க்க என்னையும் விழாவுக்குக் கூப்பிட்டார். போனேன். மண்டப வாசலில் பேனருக்கு அடியிலேயே நின்று, வருகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லிப்பட்டிலிருந்து வந்த அவர் தங்கை நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்டா, யாரோ ஒரு பொம்பளையப் போட்டிருக்க, நம்ப அக்கா படத்தை வுட்டுட்டியே?”

தம்பி பேனரையும் பெரிய அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தங்கை பக்கம் போய் நின்றார்.

“நல்லாக் கேளுடி. எங்கடா என் போட்டோ?”