மைக் வீட்டில் இரண்டாவது சிஸ்டம்

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர் அவர். நடத்துநர்கள், பத்திரிகைக் கடைக்காரர், சுமை தூக்குகிறவர்கள், கூடப்பிறந்த அக்கா உட்பட எல்லாருக்கும் அவர் ‘மைக்’தான். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அவர் சொன்னால், பெஞ்சில் வாய் பிளந்து தூங்குகிறவர்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். ழகரத்தைக் கொல்கிறவர்களை அவருக்கு அடியோடு பிடிக்காது. செய்தி வாசிக்கிறவர் ‘மளை’ என்றால் டிவியை அணைத்துவிடுவார்.

மனைவிக்கு அவர் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். நடையில் வேகம், தட்டச்சில் வேகம், கோபம் வருவதிலும் வேகம். வந்த கோபம் அதே வேகத்தில் போய்விடும் என்பதால் பதினெட்டு வருடக் குடித்தனம் பழுதில்லாமல் ஓடியது. பிள்ளைகள் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு ஸ்கேன் மையத்தில் மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அதற்காக வாங்கிய மடிக்கணினி கடையிலேயே விலை குறைந்தது. ஒரு பக்கக் கீல் தளர்ந்து, திரையைச் சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் பல் தேய்த்து முகம் கழுவி வந்தால் அப்போதுதான் கண் திறக்கும்.

போன வருடம் மைக்குக்குத் தொண்டை கட்டியது. குளிர் என்று நினைத்தார்கள். வெந்நீர் குடித்தார், மாத்திரை போட்டார். கட்டு விடவில்லை. பரிசோதித்த டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையில் இறுகிப்போன தோலில் அது ஒத்துழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். அவர் எழுதுவார், அவள் படிப்பாள். முதல் மாதம் பக்கம் பக்கமாக எழுதினார். பிறகு வரிகள் குறைந்தன. பிறகு ‘சரி’, ‘வேண்டாம்’, ‘அப்புறம்’. அதற்கும் பிறகு தலையசைப்பு மட்டும். அவளைக் கூப்பிட வேண்டுமானால் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார். ஊரையே கூப்பிட்ட மனிதர் டம்ளரைத் தட்டுகிறாரே என்று அவளுக்குள் என்னவோ செய்யும்.

எழுதினால் படித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது என்று கேள்விப்பட்டாள். அவர்களிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய போன்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு ‘ஸ்க்ரூ’ என்று பெயர். பேசும்போதுகூடப் பல்லில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டிருப்பார்.

“இதுலயா? மெமரி கம்மிக்கா. உங்க ஆபீஸ் ப்ரோகிராமுக்கே மூச்சு வாங்குது. இன்னொண்ண ஏத்தினா படுத்துடும்” என்றார்.

“ஆபீஸ்லயும் வேற எதையும் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வேற வழி இல்லையா?”

ஸ்க்ரூ திருகாணியை எடுத்து மேஜையில் வைத்தார். முக்கியமான விஷயம் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

“ஒரு வழி இருக்கு. விண்டோஸ் பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு பக்கம் லினக்ஸ்ல லேசா ஒண்ணு போட்டுக்கலாம். ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி. ஆன் பண்ணினதும் எந்தப் பக்கம் போகணும்னு கேக்கும். ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான்.”

“நடுவுல சுவரு கெட்டியா இருக்குமா?”

“எழுப்பிட்டா அசையாது. எழுப்பும்போதுதான் பாத்து எழுப்பணும். தப்பினா அந்தப் பக்கத்துச் சட்டி பானையெல்லாம் போயிடும். ரெண்டு நாள் கடையில விட்டுட்டுப் போங்க.”

“ரெண்டு நாள் நான் காணாம போனா ஆபீஸ்ல வேற ஆளைப் போட்டுடுவாங்க. எழுதிக் குடுங்க, நானே பண்ணிக்கறேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பென் டிரைவையும், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினான்கு படிகள் எழுதியதையும் கொடுத்தார். முதல் படிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்: எல்லாத்தையும் வேற இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்க.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தாள். அறிக்கைகள், மாதிரிப் படிவங்கள், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் தனி வட்டில் பிரதி எடுத்தாள். விண்டோஸின் இடத்தைச் சுருக்கி, ஒரு ஓரத்தில் அறுபது ஜிபி காலியாக ஒதுக்கினாள். பென் டிரைவைச் செருகிக் கணினியைத் திரும்பத் தொடங்கினாள். மைக் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக இதெல்லாம் என்று அவள் சொல்லவில்லை. சரிவராமல் போனால் அவருக்கு இன்னொரு ஏமாற்றம் வேண்டாமே.

ஒன்பதாம் படியில் திரை இரண்டு வழி காட்டியது. ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்று ஒன்று. ‘வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு’ என்று அதற்கு நேர் கீழே இன்னொன்று. அருகருகே வைத்தவன் கையை முறிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் நிழல் விழுந்தது. மைக் எழுந்து வந்திருந்தார். குனிந்து இரண்டையும் படித்துவிட்டு, முதல் வரியின் மேல் விரலை வைத்தார். அவள் அழுத்தினாள்.

அரைமணி நேரம் ஓடியது. முடிந்ததும் கணினி அணைந்து எழுந்தது. கறுப்புத் திரையில் புதிய சிஸ்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. விண்டோஸ் இல்லை. மறுபடி தொடங்கினாள். இல்லை.

“போச்சு. என் வேலை போச்சு” என்றாள். “நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஃபைல் வந்துடும். நான் எதுல அடிப்பேன்?”

மைக் பலகையைத் தேடி எடுத்தார். பேனா காய்ந்திருந்தது. உதறி, அழுத்தி எழுதினார். மூன்று மாதத்தில் அவர் எழுதிய நீளமான வரி அது.

‘வண்டி நடைமேடையில்தான் நிற்கும். போர்டில் பேர் விட்டுப்போயிருக்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!’

அவள் காலண்டர் தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் ஸ்க்ரூ எழுதியிருந்தார்: பழசு காணோம்னா பதறாதீங்க, புதுசுக்குள்ள போய் இதை அடிங்க. கீழே ஒற்றை வரிக் கட்டளை. ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அவள் தட்டச்சு செய்ததே இல்லை. திரையில் நாலைந்து வரி ஓடி, கடைசியில் விண்டோஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்று வந்தது. திரும்பத் தொடங்கியபோது இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பத்து விநாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அவள் அவரது கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சூட்டிலேயே படித்துக் காட்டும் மென்பொருளையும் போட்டு, தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்தாள். “இது உங்களுக்குத்தான். இனிமே நீங்க அடிச்சா இது பேசும். கேளுங்க” என்று, மனதில் வந்ததை அடித்தாள்: வாழ்க்கை, மழை, பழம்.

தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு குரல் வந்தது. மூன்று சொல்லிலும் ழகரம் செத்தது.

மைக்கின் முகம் மாறியது. பலகையில் எழுதினார்: ‘இது நான் இல்லை.’ கணினியின் மூடியைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மூன்று வாரம் அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. தினமும் காலையில் இரண்டு வரியும் வரும். அவள் விண்டோஸை அழுத்துவாள். ஆளில்லாத அறைக்கு விளக்குப் போட்டு வைத்த மாதிரி இரண்டாவது வரி அதுபாட்டுக்கு இருந்தது.

நாலாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அடித்துப் போட்ட மாதிரி உடம்பு. வெளிச்சம் பட்டால் தலை வெடித்தது. ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, ஈரத்துணியை மடித்துக் கண்மேல் போட்டுப் படுத்திருந்தாள். மைக் கட்டிலைச் சுற்றி நடப்பது கேட்டது. பலகையில் பேனா கீச்சிடுவது கேட்டது. பிறகு நின்றுவிட்டது. கண்ணை மூடியிருப்பவளிடம் எதை எழுதிக் காட்டுவது? டம்ளரைத் தட்டினால் அவளுக்குத் தலையில் இடிக்கும். நாற்காலி இழுபட்டது. கணினி முனகிக்கொண்டு எழுந்தது. விசைகள் ஒவ்வொன்றாக, நீண்ட இடைவெளி விட்டு, விழுந்தன.

“எக்ஸ்பிரஸ்” என்றது தகரக்குரல். பதினோரு மாதமாக அந்தப் பெயரை அவள் காதால் கேட்கவில்லை.

“ரொம்ப வலிக்குதா? சூடா ஏதாவது குடிக்கிறியா?”

துணியை எடுக்காமலே “ம்” என்றாள். எடுத்தால் அழுவது தெரிந்துவிடும். துணி ஏற்கெனவே ஈரம்தான், யாருக்குத் தெரியப்போகிறது.

“சர்க்கரை எங்க வச்சிருக்க?”

“மேல் தட்டுல. சிவப்பு மூடி.”

அவ்வளவுதான் அன்றைக்குப் பேசியது. ஆனால் மறுநாள் அவள் எழுந்து வந்தபோது அவர் கணினி முன்னால் நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார். அந்தக் குரலோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். சரியாக எழுதினால் அது தப்பாகச் சொல்கிறது, தப்பாக எழுதினால் சில சமயம் சரியாகச் சொல்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். எந்தச் சொல்லை எப்படிப் பிழையாக எழுத வேண்டும் என்று ஒரு நோட்டில் பட்டியலே போட ஆரம்பித்தார். எழுத்துப்பிழை பார்த்தால் முகம் சுளிக்கிற மனிதர், பக்கம் பக்கமாகப் பிழை எழுதிக்கொண்டிருந்தார்.

காலை அவளுக்கு, மதியத்துக்குமேல் அவருக்கு என்று ஏற்பாடு. அது ஒரு வாரம்தான் நிலைத்தது. அவசர அறிக்கை என்று அவள் ஒரு மதியம் அவர் பக்கத்தை அணைத்துவிட்டு விண்டோஸுக்குப் போய்விட்டாள். முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“நான் பாதி எழுதி வச்சிருந்தேன். கேக்காம அணைச்சிட்ட.”

“அவசரம்னு சொன்னேன்ல?”

இடைவெளி. விசைகள் படபடத்தன. “உனக்கு எப்பத்தான் அவசரம் இல்ல?”

“ஆமா, நான் அவசரக்காரி. நீங்க மட்டும் என்ன, ஒரு வரி அடிக்க ஒரு யுகம்!”

“அப்ப நான் பேசி முடிக்கற வரைக்கும் இரு. பாதியில போனா எப்படி?”

அவள் கத்தியும் கையுமாக நின்றாள். பலகை இருந்தவரை சண்டையே வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் தோற்றுப்போவார் என்பதால் அவள் திருப்பிக்கொள்ளவே இல்லை, அவரும் எழுதவே இல்லை. இப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து சண்டை போடுகிறார். தப்பு தன்மேல்தான் என்று தெரிந்தும், இன்னும் இரண்டு பதில் சொல்லி இழுத்தாள்.

அந்த ஞாயிறு அக்கா போன் செய்தாள். வெளியூரில் இருக்கிற அவள் வாரம் தவறாமல் கூப்பிடுவாள். தம்பி எப்படி இருக்கிறான் என்று எக்ஸ்பிரஸிடம் கேட்டு, மூக்கை உறிஞ்சி, வைத்துவிடுவாள். இந்த முறை எக்ஸ்பிரஸ் ஒலிபெருக்கியைப் போட்டுக் கணினிக்குப் பக்கத்தில் போனை வைத்தாள். மைக் காலையிலேயே சில வரிகளை எழுதி வைத்திருந்தார்.

“அக்கா, சௌக்கியமா?”

“யாரு பேசறது? ராங் நம்பரா?”

“உன் தம்பிதான். குரல் மட்டும் வாடகைக்கு எடுத்தது.”

எதிர்ப்பக்கம் ஒரு விக்கல், ஒரு சிரிப்பு, அதற்குப் பின்னாலேயே வசவு.

“அடப்பாவி! இத்தனை நாளா ஒரு வார்த்தை பேசலையேடா! இளைச்சுப் போயிட்டன்னு அவ சொல்றா, ஒழுங்கா சாப்பிடறதில்லையா நீ? இரு, பதில் சொல்லு. என்ன பண்ணிட்டிருக்க?”

“அடிச்சிட்டிருக்கார் அண்ணி, ஒரு நிமிஷம்” என்றாள் எக்ஸ்பிரஸ்.

“அடிக்கட்டும், அடிக்கட்டும். எனக்கென்ன வேலை? மெதுவா அடிடா. நான் வைக்க மாட்டேன்.”

எழுதி வைத்த வரிகள் தீர்ந்துபோய், மைக் குனிந்து விசைகளைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தார். அந்த முனையில் அக்கா காத்திருந்தாள். எக்ஸ்பிரஸுக்கு அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய அறிக்கை இரண்டு இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.